வராத மாணவன், வந்த பணம்

1980-ஐ ஒட்டிய ஒரு பள்ளி ஆண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரம். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு பையன், இந்தப் பெட்டிக்குள் என்ன இருப்பதால் இது வேலை செய்கிறது என்று ஆசிரியரைக் கேட்டான். டிரான்சிஸ்டர் என்றார் அவர். அதை யார் கண்டுபிடித்தார்கள்? பெல் லேப்ஸ் என்ற ஆய்வகம். அதன் கிளை ஒன்று டென்வர் பக்கத்திலேயே இருப்பது தெரிந்ததும் பையன் அங்கே போன் போட்டான். கோடை விடுமுறையில் வேலை வேண்டும் என்றான். கல்லூரியில் கடைசி இரண்டு ஆண்டுகளில் படிப்பவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

மறுநாளும் போன் போட்டான். அதற்கு மறுநாளும் போட்டான். இரண்டு வாரம் தினமும் கூப்பிட்டவன், பிறகு திங்கட்கிழமைதோறும் என்று முறை வைத்துக்கொண்டான். ஐந்து மாதம் ஒரு திங்கட்கிழமையைக்கூட விடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பதில் மட்டும் வரவே இல்லை. ஜூன் மாதம் வந்தது. இந்தத் தடவை பெல் லேப்ஸே கூப்பிட்டது.

எம்.ஐ.டி.யிலிருந்து வரவேண்டிய மாணவன் ஒருவன் வரவில்லை. ஓர் இடம் காலி. நேர்முகத்துக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். பையன் இருந்த ஒரே கோட்டையும் டையையும் போட்டுக்கொண்டு போய் நின்றான். அந்தக் கோடையிலும் அதற்கடுத்த கோடைகளிலும் செமிகண்டக்டர்கள் எவ்வளவு காலம் பழுதாகாமல் தாங்கும் என்று சோதிக்கும் வேலையைக் கற்றுக்கொண்டான். பையன் பெயர் ராபர்ட் ஸ்மித். அப்பாவும் அம்மாவும் கல்வித்துறையில் டாக்டர் பட்டம் வாங்கிய ஆசிரியர்கள். 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் பேசிய அந்தப் பேரணிக்கு, ஒரு வயது நிரம்பாத அவனை அம்மா தூக்கிக்கொண்டு போயிருந்தார். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை எஞ்சினியர் ஆகாமல் என்ன ஆவான்? ஆனான். ஆனால் போய்ச் சேர்ந்த இடம் கம்ப்யூட்டர் கம்பெனி அல்ல, காப்பிக் கம்பெனி.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு, சில கம்பெனிகளில் இருந்த பிறகு, கிராஃப்ட் ஜெனரல் ஃபுட்ஸில் சேர்ந்தார் ஸ்மித். மேக்ஸ்வெல் ஹவுஸ் காப்பித்தூள் அந்தக் கம்பெனியின் சரக்கு. காப்பியை இறக்கும் வடிகட்டியை எப்படிச் சீராக்குவது என்பது அவருக்கு வந்த வேலைகளில் ஒன்று. தண்ணீர் எவ்வளவு சூட்டில் விழ வேண்டும், தூளில் எத்தனை நேரம் நிற்க வேண்டும், எத்தனை வேகத்தில் இறங்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் அளந்து எழுதி வைத்தால், எவர் கையால் போட்டாலும் காப்பி ஒரே மாதிரி வரும். இந்த வேலையில் அமெரிக்காவில் இரண்டு, ஐரோப்பாவில் இரண்டு என்று காப்புரிமைகளும் வாங்கினார். எழுதி வைத்த முறை ஆளை நம்பி இருக்காது. பின்னாளில் இந்தப் பாடம் பல ஆயிரம் கோடி டாலர் சம்பாதிக்கப் போகிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படித்தபோது ஒரு திருப்பம். முதலீட்டு வங்கி நடத்திவந்த ஜான் யூட்டென்டால் என்பவர் இந்தக் கறுப்பின எஞ்சினியரைக் கவனித்து, வால் ஸ்ட்ரீட் பக்கமும் ஒரு நடை வந்து பாருங்கள் என்றார். 1994-இல் ஸ்மித் கோல்ட்மன் சாக்ஸில் சேர்ந்தார். கம்பெனிகளை வாங்குவது, விற்பது, இணைப்பது தொடர்பாக ஆலோசனை சொல்லும் பிரிவு. கொஞ்ச காலத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார்கள். தொழில்நுட்பக் கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேஜைக்கு வந்தன. எஞ்சினியர் கண்ணுக்கு அவற்றில் ஒரு விசித்திரம் தெரிந்தது.

அபாரமான மென்பொருளை எழுதியிருந்தார்கள். கம்பெனியை நடத்தத்தான் தெரியவில்லை. விற்பனையாளர் ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு ஒப்பந்தம் எழுதினார். ஒரே சரக்கு ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு விலை, பக்கத்து வாடிக்கையாளருக்கு வேறு விலை. எந்த வாடிக்கையாளரால் லாபம், எவரால் நஷ்டம் என்று கேட்டால் பதில் இல்லை. காப்பி ஆலையில் இப்படி நடந்தால் ஒரே வாரத்தில் இழுத்து மூட வேண்டியதுதான். இங்கே யாரும் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. வாங்கிச் சீர்படுத்தி விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. ஆனால் வாங்குவதற்குப் பணம்?

வாங்கிச் சீர்படுத்தி விற்பது அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு பெரிய தொழில். பிரைவேட் ஈக்விட்டி என்று அதற்குப் பெயர். ஓய்வூதிய நிதிகளிடமும் பல்கலைக்கழக அறக்கட்டளைகளிடமும் பணம் திரட்டுவார்கள். அதற்கு மேல் வங்கியில் கடன் வாங்கி, ஒரு கம்பெனியை முழுசாக விலைக்கு வாங்குவார்கள். சில ஆண்டுகள் வைத்திருந்து, செலவைக் குறைத்து, லாபத்தைக் கூட்டி, கூடுதல் விலைக்கு விற்பார்கள். கிடைக்கும் லாபத்தில் வழக்கமாக ஐந்தில் ஒரு பங்கு நிர்வகித்தவர்களுக்கு. 1989-இல் கே.கே.ஆர். என்ற நிறுவனம் சிகரெட்டும் பிஸ்கட்டும் விற்ற ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோவை இப்படித்தான் சுமார் 2,500 கோடி டாலருக்கு வாங்கி உலகத்தையே வாய்பிளக்க வைத்தது. ஆனால் மென்பொருள் என்றால் மட்டும் கடன் கொடுக்கும் வங்கிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

காரணம் எளிது. கடன் திரும்பாவிட்டால் ஜப்தி செய்ய ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? சிகரெட் கம்பெனியில் நிலம் உண்டு, ஆலை உண்டு, கிடங்கு நிறையச் சரக்கு உண்டு. மென்பொருள் கம்பெனியில் வாடகைக் கட்டடம், நாற்காலி, நாலு வருஷத்துக்கு முந்திய கம்ப்யூட்டர். உண்மையான சொத்து என்றால் சாயங்காலமானால் வீட்டுக்குப் போய்விடும் ஆட்கள்தான். அவர்கள் நாளைக்கு வராமல் போனால் வங்கி எதை ஏலம் விடும்? இந்தக் கேள்விக்குப் பதில் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டனில், கார் விற்பவர்களுக்கு மென்பொருள் விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் இருந்தது.

அவர் பெயர் ராபர்ட் ப்ரோக்மேன். ஐ.பி.எம்.மில் விற்பனையாளராக இருந்தவர். 1970-இல் யுனிவர்சல் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். கார் ஷோரூமில் எத்தனை வண்டி நிற்கிறது, எந்த உதிரிபாகம் தீர்ந்துபோயிற்று, சர்வீஸுக்கு வந்த வண்டிக்கு எவ்வளவு பில் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருள். பத்திரிகைகள் திரும்பிப் பார்க்காத சரக்கு. ஆனால் ஒரு ஷோரூம் அதை மாட்டிவிட்டால் கழற்றுவது பெரும்பாடு. கவுண்டரில் இருப்பவர் முதல் கணக்காளர் வரை எல்லோரையும் புதிதாகப் பழக்க வேண்டும். அதனால் கட்டணம் தவறாமல் வந்துகொண்டே இருக்கும். கார் விற்பனை படுத்தாலும் வரும். வேலைக்கு விண்ணப்பித்தவர்களைப் பரீட்சை வைத்துத்தான் எடுத்தார்கள், எல்லாவற்றுக்கும் விதி எழுதி வைத்திருந்தார்கள். கோல்ட்மன் சாக்ஸ் வேலையாக அவரைச் சந்தித்த ஸ்மித், இவ்வளவு ஒழுங்காக நடக்கும் மென்பொருள் கம்பெனியை அதுவரை பார்த்ததில்லை.

இதே முறையை வேறு கம்பெனிகளிலும் புகுத்தினால்? இருவரின் பேச்சும் எங்கெங்கோ சுற்றி அந்த யோசனையில் வந்து நின்றது. நீ ஒரு முதலீட்டு நிறுவனம் தொடங்கு, பணம் நான் தருகிறேன் என்றார் ப்ரோக்மேன். முதலில் 30 கோடி டாலர், பிறகு மொத்தமாக 100 கோடி. பெயர் இல்லாத, முன்னனுபவம் இல்லாத ஒரு நிறுவனத்துக்கு, ஒரே ஆளிடமிருந்து அவ்வளவு பணம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வருஷக்கணக்கில் வாசல் வாசலாக ஏறி இறங்கினாலும் இதில் பத்தில் ஒரு பங்கு தேறுவது சந்தேகம். ஆனால் அந்தப் பணத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது.

ஸ்மித்துக்குச் சேர வேண்டிய லாபப் பங்கில் ஒரு பகுதியை அமெரிக்காவுக்கு வெளியே ஓர் அறக்கட்டளையில் போட வேண்டும். இஷ்டமிருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் விட்டுவிடு என்பதுதான் பேச்சு. ஸ்மித் எடுத்துக்கொண்டார். மத்திய அமெரிக்காவின் குட்டி நாடான பெலீஸில் ஓர் அறக்கட்டளை பிறந்தது. கரீபியன் கடலில் நெவிஸ் தீவில் ஒரு கம்பெனி பிறந்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் வேறு யாருடையவையோ. காகிதங்கள் இழுப்பறைக்குள் போயின. இருபது வருஷம் கழித்து அவை வெளியே வரும்.

நிறுவனம் தொடங்கியது 2000-இல். அதைவிட மோசமான வேளை கிடைத்திருக்காது. அந்த மார்ச்சில்தான் நாஸ்டாக் பங்குச் சந்தைக் குறியீடு 5,000 புள்ளியைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. அடுத்த இரண்டரை ஆண்டுகளில் அது நாலில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. டாட்காம் என்று பெயர் வைத்திருந்தவை எல்லாம் கடையைக் கட்டின. கோல்ட்மன் சாக்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்த ஸ்மித்தும், அங்கே கூட வேலை பார்த்த பிரையன் ஷேத்தும் (இவருடைய தந்தை இந்தியாவிலிருந்து போனவர்) மென்பொருளை மட்டுமே வாங்குவோம் என்று பலகை மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். ஆனால் சரிவுதான் அவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

நல்ல கம்பெனிகளும் கெட்ட கம்பெனிகளும் ஒரே குப்பையாகக் குவிந்து, அடிமாட்டு விலைக்கு வந்தன. கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் சிலரே. ஸ்மித் பகட்டான இணையதளங்கள் பக்கம் போகவில்லை. குறிப்பிட்ட ஒரு தொழிலுக்கென்று எழுதப்பட்ட, வெளியே யாருக்கும் பெயர் தெரியாத மென்பொருள்களாகப் பார்த்து வாங்கினார். ஹூஸ்டனில் கற்ற பாடம் கையில் இருந்தது. வாடிக்கையாளர் நொடித்துப்போகும் நிலையில்கூட வங்கி வட்டியை நிறுத்துவாரே தவிர, மென்பொருள் பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்த மாட்டார். நிறுத்தினால் மறுநாள் சம்பளப் பட்டியல்கூடப் போட முடியாது. ஆகவே அந்த ஒப்பந்தங்கள்தான் சொத்து, நிலத்தையும் ஆலையையும்விட உறுதியான சொத்து என்று வாதாடினார். வாதம் சரி. அதை லாபமாக்குவது எப்படி?

அங்கேதான் காப்பி வடிகட்டிக் காலத்துப் பழக்கம் கைகொடுத்தது. கம்பெனி நடத்தும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு செயல்முறையை எழுதினார்கள். விலைப்பட்டியல் எப்படிப் போடுவது, ஒப்பந்தத்தில் எந்த வரி இருக்க வேண்டும், விற்பனையாளருக்குக் கமிஷன் எப்போது, வாடிக்கையாளரின் புகாரை யார் எத்தனை மணி நேரத்தில் எடுப்பது என்று வளர்ந்துகொண்டே போன தொகுப்பு. வெளியாட்களுக்குக் காட்டாத ரகசியம். புதிதாக வாங்கும் கம்பெனியில் முதல் வேலையே இதைப் புகுத்துவதுதான். அமெரிக்காவில் பெயர் தெரியாத எந்தக் கறியைச் சாப்பிட்டாலும், 'கோழி மாதிரி இருக்கிறது' என்பார்கள். மென்பொருள் கம்பெனிகள் எல்லாமே கோழிக்கறி ருசிதான், விற்கும் சரக்குதான் வேறு, செய்யும் வேலையில் 80 சதவீதம் ஒன்றுதான் என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார் ஸ்மித். ஊழியர்களுக்கு அந்த ருசி எப்படி இருந்தது என்பது வேறு கதை.

எல்லோருக்கும் ஒரு திறனறி பரீட்சை வைத்தார்கள். பெரிய கல்லூரிப் பட்டம் இல்லாமல் மூலையில் கிடந்த சிலர் அதில் மேலே வந்து பொறுப்பான பதவிக்கு உயர்ந்தார்கள். பல வருஷ அனுபவசாலிகளுக்கு அதே பரீட்சை அவமானமாகப் பட்டது. செலவு அதிகமான நகரங்களிலிருந்த வேலைகள் செலவு குறைந்த ஊர்களுக்குப் போயின, ஆட்குறைப்பும் நடந்தது. விலைப்பட்டியல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தபடியே கட்டினார்கள். ஹூஸ்டன் கணக்கு அணுவளவும் பிசகவில்லை. இந்தக் கணக்கை அதே காலத்தில் இன்னொருவரும் போட்டுக்கொண்டிருந்தார், நஷ்டப்பட்டு.

போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, டென்னிஸ் வீரராகும் கனவோடு ஃபுளோரிடா பயிற்சிக் கூடத்துக்குப் போய், பிறகு படிப்புப் பக்கம் திரும்பியவர் ஓர்லாண்டோ பிராவோ. சிகாகோ நிறுவனமான தோமா கிரெஸியின் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் வேலை. டாட்காம் காலத்தில் இணையதளம் வடிவமைக்கும் இரண்டு புதுக் கம்பெனிகளில் பணம் போட்டார். இரண்டும் மூழ்கின. சூடு பட்ட பிறகு அவர் தேடிப் பிடித்தது பென்சில்வேனியாவின் ப்ராஃபெட் 21. மொத்த வியாபாரிகளுக்கான, எந்தக் கவர்ச்சியும் இல்லாத மென்பொருள். இருந்த தலைமையையே வைத்துக்கொண்டு லாபத்தைக் கூட்டி, 2005-இல் 21 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்றார். நிறுவனத்தின் பெயரே பின்னர் தோமா பிராவோ என்று மாறியது. இரண்டு மூலைகளில் இரண்டு பேர் ஒரே முடிவுக்கு வந்ததும் வால் ஸ்ட்ரீட் விழித்துக்கொண்டது. முகம் திருப்பிய வங்கிகள் இப்போது கடனை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றன.

ஸ்மித்தின் நிறுவனம் தொட்டதெல்லாம் பெரிதானது. ஓய்வூதிய நிதிகள் தேடி வந்தன. 2016-இல் மார்க்கெட்டோ என்ற விளம்பர மென்பொருள் கம்பெனியை 179 கோடி டாலருக்கு வாங்கி, இரண்டே வருஷத்தில் அடோபிக்கு 475 கோடி டாலருக்கு விற்றார்கள். கறுப்பின அமெரிக்கர்களில் முதல் பணக்காரர் என்று ஃபோர்ப்ஸ் பத்திரிகை ஸ்மித்தை எழுதியது. 2019 மே மாதம் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் பட்டமளிப்பு விழா. மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, இந்த ஆண்டு பட்டம் வாங்கும் எல்லோருடைய கல்விக் கடனையும் என் குடும்பம் அடைக்கும் என்றார். சுமார் 400 மாணவர்கள், 3 கோடியே 40 லட்சம் டாலர். உலகமே கைதட்டியது. கைதட்டாமல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது ஓர் அலுவலகம் மட்டும்தான்.

அதற்குள் இன்னொரு ஒப்பந்தம். 2020 மே மாதம், ஊரடங்கில் இந்தியா முடங்கிக் கிடந்தபோது, ஜியோவில் வாராவாரம் யாராவது பணம் போட்ட செய்தி வந்துகொண்டிருந்தது. ஃபேஸ்புக் வந்தது, சில்வர் லேக் வந்தது. மூன்றாவதாக வந்த பெயரைச் செல்போன் ரீசார்ஜ் செய்தவர்கள் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. 2.32 சதவீதப் பங்குக்கு 11,367 கோடி ரூபாய் கொடுத்த நிறுவனம் அது. விஸ்டா ஈக்விட்டி பார்ட்னர்ஸ். டென்வர் பையன் சரிவின் நடுவே பலகை மாட்டித் தொடங்கிய அதே கடை. அந்தப் பெயர் இந்தியாவுக்கு அறிமுகமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, இழுப்பறை திறந்தது.

பூட்டைத் தளர்த்தியது ஒரு சுவிஸ் வங்கி. வரி ஏய்ப்பவர்களின் விவரங்களை அமெரிக்க அரசுக்குக் கொடுக்கப்போகிறோம், நீங்களாகவே போய்ச் சொல்லிவிடுங்கள் என்று 2013-இலேயே ஸ்மித்துக்குத் தகவல் சொல்லியிருந்தது. மன்னிப்புத் திட்டத்தில் விண்ணப்பித்தார். ஏற்கவில்லை. 2020 அக்டோபர் 15 அன்று அமெரிக்க அரசின் நீதித்துறை எல்லாவற்றையும் அறிவித்தது. 2000 முதல் 2015 வரை 20 கோடி டாலருக்கு மேற்பட்ட வருமானத்தை மறைத்ததை ஸ்மித் ஒப்புக்கொண்டார். வழக்குப் போடாமலிருக்க 13 கோடியே 90 லட்சம் டாலர் கட்டவும், விசாரணைக்கு ஒத்துழைக்கவும் சம்மதித்தார். விசாரணை யார் மேல்? முதல் பணம் கொடுத்த ப்ரோக்மேன் மேல். சுமார் 200 கோடி டாலர் வருமானத்தை மறைத்தார் என்று குற்றச்சாட்டு. தனிநபர் ஒருவர் மீதான வரி வழக்குகளில் அமெரிக்கா அதுவரை காணாத தொகை. அவர் மறுத்தார். வழக்கு நீதிமன்றத்தில் ஏறுவதற்குள், 2022 ஆகஸ்டில், 81 வயதில் இறந்துபோனார்.

இணை நிறுவனர் ஷேத் 2020 நவம்பரில் விலகினார். விஸ்டா முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. முடியவில்லை. 2022-இல் வேறொரு நிறுவனத்தோடு சேர்ந்து சிட்ரிக்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியை 1,650 கோடி டாலருக்கு வாங்கியது. டெக்ஸாஸின் ஆஸ்டினைத் தலைமையிடமாகக் கொண்ட விஸ்டா இன்று நிர்வகிக்கும் தொகை 10,000 கோடி டாலருக்கும் மேல். ஆனால் ஆண்டுதோறும் கட்டணம் வரும் என்ற அந்தப் பழைய கணக்கு எப்போதும் பலிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது.

2021-இல் 350 கோடி டாலருக்கு வாங்கிய ப்ளூரல்சைட் என்ற பயிற்சி மென்பொருள் கம்பெனியில் வளர்ச்சி நின்றது, கடனுக்கு வட்டி ஏறியது. சந்தாவாக வரும் வருமானத்தை நம்பித்தான் அந்தக் கடனையே கொடுத்திருந்தார்கள். 2024-இல் விஸ்டா போட்ட முதல் போயிற்று, கம்பெனி கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போயிற்று. மென்பொருள் கம்பெனியில் ஜப்தி செய்ய என்ன இருக்கிறது என்று 2000-இல் வங்கிகள் கேட்டன. 24 ஆண்டு கழித்து, கடன் கொடுத்தவர்கள் கம்பெனியையே ஜப்தி செய்துகொண்டார்கள்.